சொல்லில் வந்த சூது

2016-ம் வருஷத்திய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் பிரசுரமான ஐந்து வருஷத்துக்குள் பொதுக் கட்டடங்களில் அவர்கள் தடையின்றிப் பிரவேசிக்க வசதி செய்யவேண்டுமென்று கட்டளையிட்டது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. 2022-ல் கெடு தீர்ந்தது. பழைய படிக்கட்டுகள் எத்தனையோ இடங்களில் அப்படியே நிற்கின்றன.

சர்க்காரின் அசிரத்தை மாத்திரம் காரணமன்று. பார்லிமெண்டு ‘வேண்டும்’ என்றதை 15-வது விதி வெறும் யோசனையாகச் சுருக்கிவிட்டது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அவ்விதியைத் தள்ளி, மூன்று மாதத்தில் கட்டாய விதிகள் இயற்றுமாறு உத்தரவிட்டது. இவ்விரு சொற்களின் பேதத்தை வக்கீல்கள் படித்தறிகிறார்கள். சக்கர நாற்காலியுடன் வாசலில் நிற்பவர் படியாமலே அறிவார்.

2011-ம் வருஷ ஜனக்கணக்குப்படி இவர்கள் 2 கோடி 68 லக்ஷம் பேர். வரைபடம் போடும்போது இவர்களை மறந்து, கட்டடம் எழும்பியபின் மூலையில் ஒரு சாய்தளத்தை ஒட்டவைப்பது என்ன நியாயம்? விதிகளுக்கு மாறான கட்டடத்துக்கு அனுமதியும் பூர்த்திச் சான்றும் தரலாகாதென்று சட்டத்தின் 44-வது பிரிவு சொல்லுகிறது. அதை நகரசபைகள் தாக்ஷண்யமின்றி அமுல் நடத்தவேண்டுமென்று கோருகிறோம்.