உண்மை கண்டறியும் சோதனை

தலைநகரில் பெருங்குற்றம் ஒன்று நிகழுமாயின், சந்தேகத்துக்கு உரியவருக்கு ‘உண்மை கண்டறியும் சோதனை’ நடைபெறும் என்று பத்திரிகைகளில் வாசிக்கிறோம். பாலிகிராஃப் என்னும் அக்கருவி உண்மையைக் கண்டறிவதில்லை. மூச்சு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, தோலின் மின்கடத்தும் தன்மை ஆகியவற்றின் மாறுதல்களையே பதிவு செய்கிறது. பொய்யினால் தோன்றும் மாறுதல் அச்சத்தினாலும் தோன்றக்கூடும்.

ஆகவே, போலீஸாரும் மனோதத்துவ நிபுணரும் ஒருவருக்கொருவர் தெரிவிக்கும் செய்திகளே முக்கியமானவை. 1968-இல் தில்லியில் நிறுவப்பட்ட மத்தியத் தடய அறிவியல் ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில், வழக்கின் விவரங்களைப் போலீஸாரிடமிருந்து பெற்றே நிபுணர் கேள்விகளை அமைக்கிறார்.

1959-இல் அமெரிக்க அறிஞர் டேவிட் லிக்கன் ஒரு முறையை விளக்கினார். களவுபோன பொருள் மோதிரம் என்று கொள்வோம். வளையலா, கடிகாரமா, மோதிரமா, சங்கிலியா என்று வரிசையாகக் கேட்பர். களவை அறிந்தவருக்கு மட்டுமே ‘மோதிரம்’ என்ற சொல் தனியே உறைக்கும். ஆனால், முன்னரே போலீஸார் “மோதிரம் எங்கே?” என்று அதட்டியிருப்பின் நிரபராதிக்கும் அது உறைக்கும். இதனை நிபுணருக்குத் தெரிவியாவிடில், சோதனை குற்றமற்றவர்மீதே பழியைச் சுமத்திவிடும்.

நிபுணரின் அறிக்கையை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். ‘ஏமாற்றுதலின் அறிகுறிகள் தென்பட்டன’ என்பதைப் ‘பொய் சொன்னார்’ என்று பொருள் கொள்வது, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குப் பெரும் பிழையாகவே தோன்றுகிறது.

‘செல்வி எதிர் கர்நாடக அரசு’ என்ற வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவரையும் வற்புறுத்தி இச்சோதனைக்கு உட்படுத்தலாகாது. இசைந்து உட்பட்டாலும் அதன் முடிவு மட்டுமே சாட்சியம் ஆகாது என்றது. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் வகுத்த நெறிகளையும் வலியுறுத்தியது. அவற்றின்படி, சோதனையின் விளைவுகளைப் போலீஸாரும் வழக்கறிஞரும் விளக்கவேண்டும். இசைவை மாஜிஸ்திரேட் முன்னிலையில் பதிவு செய்யவேண்டும்.

வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இந்நெறிகள் மிகவும் பயனுடையவை. விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளில் கையொப்பமிடுதல் உண்மையான இசைவாகாது. அத்தகைய நிலை நேரின், தமிழில் விளக்குமாறும் வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ள அனுமதிக்குமாறும் கோருவதில் தயக்கம் வேண்டா.