சாம்பலை அள்ளிய பிறகு சேறு யாருக்கு?

பறி என்றால் இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பனையோலையில் முடைந்த சிறு கூடை அது. பழவேற்காட்டிலும் எண்ணூர் கழிமுகத்திலும் இருளர்கள் அதைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஆழமில்லாத தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். சிக்கிய இறால் நேராகப் பறிக்குள் போகும். வலை கிடையாது, படகும் கிடையாது. தொழிலுக்கு என்று உள்ளவை கையும் சேறும்தான்.

அந்தச் சேற்றின்மேல்தான் சாம்பல் படிந்தது. வடசென்னை அனல்மின் நிலையம் நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறது. அந்தக் குழாய்கள் உடைந்து பல ஆண்டுகளாகக் கொசஸ்தலையாற்றின் கழிவெளியில் சாம்பல் கொட்டியது. அடியில் படிந்த சாம்பல் இறுகிப்போனால் இறால் புதைந்து கிடக்க இடமில்லை. ஆறும் பக்கிங்காம் கால்வாயும் பழவேற்காடு ஏரியும் ஒன்றோடொன்று தொட்டுக்கிடக்கும் நீர்ப்பரப்பு. 'அது எண்ணூர்ப் பிரச்சினை' என்று பழவேற்காட்டில் இருந்துகொண்டு நாம் சொல்ல முடியாது.

மீனவர் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பலை அகற்றி ஆற்றை மீட்க வேண்டும் என்று 2022இல் தீர்ப்பளித்தது. பக்கத்திலேயே 450 மெகாவாட் பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. மூடிய அனல்மின் நிலையங்களின் சாம்பல், எண்ணெய், கல்நார் ஆகியவற்றை எப்படி அப்புறப்படுத்துவது என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வழிகாட்டு நெறி வெளியிட்டிருக்கிறது. ஆக, சுத்தம் செய்ய வேண்டுமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. யாருக்காகச் செய்வது என்பதுதான் பாக்கி.

இதை ஏன் இந்தப் பத்தியில் எழுதுகிறோம்? பழவேற்காட்டில் 'பாடு' முறை உண்டு. எந்த ஊர், எந்த நாளில், ஏரியின் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைத் தலைக்கட்டு வாரியாகப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. வலையை அளவோடு வைத்து ஏரியைக் காத்ததில் அதற்குப் பங்குண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது பட்டினவர் ஊர்களின் உரிமை. ஏரியை நம்பியே வாழும் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அதில் இடமில்லை. 'மீனவர்' என்று அரசு சொல்லும்போது முதலில் எழுதப்படுவது பாடு உள்ளவரின் பெயர், படகு உள்ளவரின் பெயர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். வாளியும் டிரம்முமாக எண்ணெயை அள்ளியவர்கள் உள்ளூர் மீனவர்களே. அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500, இன்னும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000. படகுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பறிக்குக் கணக்கு இல்லை.

நாளை ஆற்றில் சாம்பலை அள்ளும்போதும் இதே கணக்குதான் வரும் என்று அஞ்சுகிறோம். ஆழமாகத் தோண்டிவிட்டால் படகு தாராளமாகப் போகும், வெள்ளமும் வடியும். பொறியாளர் பார்வையில் வேலை முடிந்தது. ஆனால் கையால் தடவிப் பிடிப்பவருக்கு ஆழம் என்பது பிழைப்பு போனதற்குச் சமம். அவருக்கு வேண்டியது கை எட்டும் ஆழத்தில் சுத்தமான சேறு. எவ்வளவு தோண்டுவது, எந்த ஓரத்தை மேடாக விடுவது என்பதை அவரைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது.

கொடைக்கானலைப் பாருங்கள். இந்துஸ்தான் யுனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்படிக்கை கிடைத்தது 2016இல்தான். அங்கும் மண் எவ்வளவு சுத்தமாக வேண்டும் என்பதில்தான் இழுபறி: கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்ற அளவை ஊர்மக்களும் சூழலியலாளர்களும் ஏற்கவில்லை. 'சுத்தம்' என்ற சொல்லுக்குள் எத்தனை பேரம் இருக்கிறது என்று மாணவர்கள் அந்த வழக்கிலிருந்து படிக்கலாம்.

இப்போது கையில் புதிதாக ஒரு விதி இருக்கிறது. மாசடைந்த இடங்களைக் கையாளும் விதிகள் 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. பொதுமக்கள் புகார் கொடுத்தால் உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ அந்த இடத்தைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கலாம். 90 நாளில் முதல்கட்ட ஆய்வு, அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். விதியில் ஓட்டைகளும் உண்டு. கடலில் கொட்டிய எண்ணெயும் நகராட்சிக் குப்பைமேடும் இதில் வராது. சாம்பலுக்கும் தனி விதிகள் இருப்பதால் 'சாம்பல்' என்று மட்டும் எழுதினால் மனுவைத் திருப்பிவிடுவார்கள். 'சேற்றில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் எவ்வளவு என்று சோதியுங்கள்' என்று எழுதுங்கள். எந்த ஊர், எந்தக் கரை, எந்த ஆண்டிலிருந்து இறால் குறைந்தது என்பதையும் சேருங்கள். கூடவே, பறிபிடித்துப் பிழைக்கும் குடும்பங்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் இணையுங்கள். சாதிச் சான்றிதழ் இல்லாத இருளர் பெயரும் அதில் இருக்கட்டும்.

அத்திப்பட்டு, பழவேற்காடு போன்ற ஊராட்சிகளில் கிராமசபையில் தீர்மானமாகவே போடலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் திருவள்ளூர் ஆட்சியரிடம் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்; அந்த 90 நாளைக் கேட்க அதுதான் ஆதாரம்.