தேள் கொட்டினால் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்

மகாராஷ்டிராவின் கொங்கண் பகுதியில் செந்தேள் கொட்டுவது ஒரு காலத்தில் உயிர் போகும் விஷயமாக இருந்தது. நஞ்சு உடலெங்கும் ஏறிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் 100க்கு 30 பேர் வரை இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் அதிகம். இன்று நேரத்தோடு வந்து சேர்பவர்களில் 100க்கு ஒன்றிரண்டு பேரைக்கூட இழப்பது அரிது. சாதாரண ரத்த அழுத்த மாத்திரை ஒன்றுதான் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது. கிராமத்து அவசர சிகிச்சைக்குப் புதிய ஆராய்ச்சி எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நஞ்சு என்ன செய்கிறது?

செந்தேளின் நஞ்சு நரம்புகளில் உள்ள சோடியம் வழிகளை மூடவிடாமல் செய்கிறது. நரம்புகள் ஓயாமல் தூண்டப்படுகின்றன. அட்ரினலின் போன்ற சுரப்புகள் ரத்தத்தில் கொட்டுகின்றன. முதலில் வாந்தி, உடல் நனையும் அளவுக்கு வியர்வை, வாயில் எச்சில் ஊறல். பிறகு ரத்தக் குழாய்கள் சுருங்கி, கை கால்கள் சில்லிட்டுப் போகின்றன. நுனியை இறுக்கிப் பிடித்த ரப்பர் குழாயில் தண்ணீரைத் தள்ளும் மோட்டாரைப் போல இதயம் திணறுகிறது. கடைசியில் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, இருமும்போது இளஞ்சிவப்பு நுரை வருகிறது.

இதைக் கிராமத்திலிருந்தே கவனித்துக் குறித்தவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். அவர் 1976இல் ராய்கட் மாவட்டத்தில் உள்ள பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கொட்டுப்பட்டு வந்தவர்களின் பக்கத்திலேயே இருந்து, நாடி, ரத்த அழுத்தம், கை கால் சூடு என ஒவ்வொன்றாகக் கவனித்துக் குறித்தார். இறப்புக்குக் காரணம் இதயமும் நுரையீரலும் செயலிழப்பதே என்பதை அந்தக் குறிப்புகள் காட்டின. ஆபத்தை முன்கூட்டியே சொல்லும் அறிகுறிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1982இல் ‘லான்செட்’ இதழில் வந்தது.

மாத்திரை ஏன் ஜெயித்தது?

சுருங்கிய குழாய்களை விரித்தால் இதயத்தின் சுமை குறையும். அதற்கு முதலில் சோடியம் நைட்ரோபுருசைடு என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ரத்தக் குழாயில் ஏற்றிப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது. ஆனால் அது ஏறும் நேரமெல்லாம் ரத்த அழுத்தத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டாக்டரும் ஒரு நர்ஸும் மட்டுமே உள்ள நிலையத்தில் அது நடக்கிற காரியமா?

அடுத்து வந்தது பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரை. நஞ்சால் கொட்டும் அட்ரினலின் போன்ற சுரப்புகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கப் பயன்படுத்தும் ஆல்பா ஏற்பிகளை இது அடைத்துவிடுகிறது. விலை மலிவு, வாயால் விழுங்கலாம், குளிர்பதனப் பெட்டி தேவையில்லை. இதைக் கொடுத்துப் பார்த்த பாவஸ்கரின் அனுபவம் 1986இல் ‘லான்செட்’டில் வெளியானது. குழந்தைகளுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்று அளவு கணக்கிட்டு, தேவைப்பட்டால் 3 மணி நேரம் கழித்து மறுபடியும் தருகிறார்கள். பாதம் கதகதப்பானால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்க ஒரு கை போதும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. மாத்திரை உள்ளே போனதும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். அதனால் குழந்தையைத் தூக்கித் தோளில் போடாமல் படுக்க வைத்தே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மாத்திரையை டாக்டர்தான் தர வேண்டும். வீட்டில் நாமாகக் கொடுக்கக் கூடாது.

பின்னர் செந்தேளுக்கான நச்சுமுறி மருந்தும் வந்தது. பாவஸ்கரும் அவர் மனைவி டாக்டர் பிரமோதினியும் 70 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2011இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வந்தது. 10 மணி நேரத்துக்குள் முழுமையாகத் தேறியவர்கள், நச்சுமுறியும் பிரசோசினும் பெற்ற 35 பேரில் 32 பேர்; பிரசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் 8 பேர். எனவே இரண்டும் கிடைக்கும் இடத்தில் இரண்டும் நல்லது. நச்சுமுறி இல்லாத இடத்தில் மாத்திரைக்காவது தாமதம் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

வலியை மட்டும் வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். கொட்டிய இடத்தில் துடிக்கிற வலி, மற்றபடி எதுவுமில்லை என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை. வலி குறைவாக இருந்தும் குழந்தை வியர்த்து, வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டால் அதுதான் ஆபத்து. ஆண் குழந்தைகளுக்கு உறுப்பு விறைத்திருப்பதும் முக்கியமான அறிகுறி. கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கொட்டிய இடத்தைக் கீறுவதிலும் மந்திரிப்பதிலும் போகும் ஒவ்வொரு நிமிடமும் நஞ்சுக்குத்தான் சாதகம். உடனே 108ஐ அழையுங்கள்.

கிராமத்துக்கான ஆராய்ச்சி என்றால் அதை அங்கே இருக்கிற ஆளும் மருந்தும் மின்சாரமும் கொண்டே செய்துவிட முடிய வேண்டும். பிரசோசின் அந்தச் சோதனையில் தேறிவிட்டது. செந்தேள் நடமாடும் பகுதிகளில் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரியிலும் அந்த மாத்திரை இருக்க வேண்டும். இரவுப் பணியில் இருப்பவருக்கு அதை எப்போது தர வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஊர் நிலையத்தில் அது இருப்பில் இருக்கிறதா என்று அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கேளுங்கள்.