ஒரு பாஷையும் இரண்டு பெயர்களும்

ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளும் நூற்றுக்கு மேற்பட்ட பாஷைகளும் கொண்ட பிலிப்பைன்ஸ் தேசத்துக்குப் பொதுமொழி ஒன்று வேண்டுமென்று 1935-ஆம் வருஷத்து அரசியல் சாஸனத்தை வகுத்தவர்கள், அது உள்நாட்டு மொழிகளுள் ஒன்றை ஆதாரமாகக் கொண்டிருக்கவேண்டும் என்றார்களே தவிர, அந்த ஒன்று எது என்பதைச் சாதுரியமாகச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். மறுவருஷம் தோன்றிய தேசிய மொழிக் கழகம், வாராய் மொழியினரான ஹைமே தே வேய்ரா தலைமை வகித்தும், மணிலாவைச் சூழ்ந்து வழங்கும் தகாலோகையே தேர்ந்தது. தேசபக்தர் ரிஸால் உயிர்துறந்த தினமாகிய டிசம்பர் 30-ல், 1937-ஆம் வருஷம், ஜனாதிபதி கேஸோன் அதைப் பிரகடனம் செய்தார். கேஸோனும் தகாலோகரே என்பதையும், தொகையில் தாங்கள் இளைத்தவர்களல்லர் என்பதையும் செபுவானோ மொழி பேசும் மக்கள் மறக்கவில்லை.

இந்த மனத்தாங்கலுக்கு மருந்தாகப் பெயர் மாறிற்று. 1959-ல் பள்ளிகளில் ‘பிலிப்பினோ’ ஆயிற்று. 1973-ஆம் சாஸனம் இனி உருவாகப்போகும் மொழிக்கு ‘ஃபிலிப்பினோ’ என்று பெயர் வைத்தது. 1987-ஆம் சாஸனம் அதையே தேசிய மொழியென உறுதிசெய்தது. தகாலோகில் இயல்பாக இல்லாததும், நாம் ஆய்தத்தின் துணைகொண்டு எழுதவேண்டியதுமான அந்த முதல் ஒலி, இபனாக் போன்ற பிற மொழிகளுக்கும் இதில் பங்குண்டு என்பதற்கு அடையாளமாகக் கருதப்பட்டது. லோப்பே சாந்தோஸின் இலக்கணம் வகுத்த 20 எழுத்துக்கள் 28 ஆகப் பெருகின. ஆனால் வினைச்சொல்லின் அமைப்பும் வாக்கியத்தின் போக்கும் மாறினவா என்றால், இல்லை. தகாலோகும் ஃபிலிப்பினோவும் ஒரே பாஷை என்பதே மொழியியலார் பலரின் அபிப்பிராயம்.

ஒரே பாஷைக்குப் பல திட்டவடிவங்கள் இருப்பது உலகத்தில் புதிதன்று. மலாய் மொழி டச்சுக்காரர் ஆண்ட பக்கமும் ஆங்கிலேயர் ஆண்ட பக்கமுமாகப் பிரிந்து, இந்தோனேசியம், மலேசியம் என்று வளர்ந்தபின், 1972-ல் இரு அரசுகளும் எழுத்துமுறையை மட்டும் ஒன்றாக்கிக்கொண்டு பெயர்களைத் தனித்தனியே வைத்துக்கொண்டன. யுகோஸ்லாவியா உடைந்தபோதோ, ஒரு மொழி நான்கு பெயர் பெற்றது. அங்கெல்லாம் பெயர் பிரிந்தது எல்லைக்கோட்டினால்; மணிலாவிலோ, எல்லைக்கோடு விழாதிருக்கவேண்டி மறுபெயர் சூட்டினார்கள். இதை மோசடி என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. சமாதான உடன்படிக்கை என்றே சொல்வேன். எனினும் அதன் ஒரு ஷரத்து இன்னும் நிறைவேறவில்லை: நாட்டின் மற்ற மொழிகளைக் கொண்டும் தேசிய மொழியை வளர்ப்பதாகச் சாஸனம் வாக்களித்திருக்க, வந்து சேர்ந்த சொற்களில் மிகுதியானவை ஸ்பானியமும் ஆங்கிலமுமே. போதாக்குறைக்கு, மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளுக்கு அவரவர் தாய்மொழியிலேயே கற்பிக்கவேண்டுமென்றிருந்த கட்டாயத்தையும் 2024-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று நீக்கிவிட்டது.