மே மாதத்தில் வீடு பார்த்தால் மழை தெரியாது!

ஊர் மாறும் குடும்பங்கள் பெரும்பாலும் வீடு தேடுவது ஏப்ரல், மே மாதங்களில்தான். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சாமான்களை இறக்கி, காஸ் இணைப்பை மாற்றி, சீருடை தைத்தாக வேண்டும். அந்த இரண்டு மாதங்களில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றிலும் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். வெயில் காய்கிறது, தரை காய்ந்து கிடக்கிறது, வீட்டுக்காரர் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார். அந்தச் சுண்ணாம்புக்குக் கீழே என்ன கோடு இருந்தது என்பது ஐப்பசி பிறக்கும் வரை தெரியாது.

2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் என்று இந்தப் பக்கத்து மக்கள் தேதி சொல்லியே பேசுவார்கள். மிக்ஜாமின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. தொழிற்சாலைக்கே அந்தக் கதி என்றால், கீழ்த்தளத்தில் மூன்று வயதுக் குழந்தையோடு இருப்பவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கரன்ட் இல்லை, பால் இல்லை, கழிவறையைப் பயன்படுத்த முடியாது. பெரியவர்கள் இரண்டு நாள் சமாளித்துவிடலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டு மணி நேரமே பெரிது.

அதனால் மேற்குப் புறநகரில் வீடு பார்ப்பவர்கள் 'எத்தனை பெட்ரூம்' என்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி, 'தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது' என்பதுதான்.

இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் ஏரிப் பாசன நிலம். ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு வழியும்படி நம் முன்னோர் அமைத்திருந்தார்கள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கு. ஏரிகள் இன்னமும் இருக்கின்றன. இடையில் இருந்த கால்வாய்களும் வயல்களும்தான் பல இடங்களில் 'நகர்' ஆகிவிட்டன. தண்ணீருக்குப் புது விலாசம் தெரியாது, பழைய வழியிலேயே வரும். தெருப் பெயரில் 'ஏரிக்கரை', 'தாங்கல்' என்று இருந்தால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை.

பூந்தமல்லி பக்கம் வீடு பார்ப்பவர்கள் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். 24 அடி ஆழம், 3.645 டி.எம்.சி. கொள்ளளவு, 2015-ல் திறந்துவிட்ட தண்ணீர் என்று எல்லாம் மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் அந்த ஏரியின் உபரி நீர் குன்றத்தூர், மணப்பாக்கம் வழியாக அடையாற்றில் சேர்கிறது. பூந்தமல்லிக்கு வடக்கே, திருவேற்காடு, நொளம்பூர் பக்கம் போகப் போகக் கவனிக்க வேண்டியது கூவத்தை. பெயர் பெற்ற ஏரியை மட்டும் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஓடும் பெயரில்லாத கால்வாயைப் பார்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

புரோக்கரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "சார், இந்தத் தெருவுல தண்ணியே நிக்காது, அடுத்த தெருவுலதான் நிக்கும்." அடுத்த தெருவுக்குப் போனால் அங்கே உள்ள புரோக்கரும் இதையேதான் சொல்வார்! கேட்க வேண்டிய ஆள் தெருமுனை மளிகைக்கடைக்காரர். "அண்ணாச்சி, மிக்ஜாம் அன்னிக்குக் கடைக்குள்ள தண்ணி வந்துச்சா?" என்று கேட்டால், அரிசி மூட்டையை எந்தத் தட்டுக்கு ஏற்றினார் என்பது வரை கைகாட்டிச் சொல்லிவிடுவார். இஸ்திரி போடுபவர், பால் போடும் அக்கா, ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன் ஆகியோருக்கும் இந்த விஷயத்தில் மறைக்க எதுவும் இல்லை. சுற்றுச்சுவர்களில் ஒரே மட்டத்தில் கறை ஓடுகிறதா, பழைய வீடுகளெல்லாம் தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கின்றனவா என்று நீங்களும் பாருங்கள். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்கிறது, வீடு உயர்வதில்லை.

வீடு சொந்தமாக வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. அதே பகுதியில் ஒரு ஐப்பசி, கார்த்திகையை வாடகை வீட்டில் கழித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். வில்லங்கச் சான்று, பட்டா, சி.எம்.டி.ஏ. அனுமதி எல்லாம் அவசியம்தான். ஆனால் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது.

யாருக்கு எந்த ஊர்?

மூன்று ஊர்களையும் ஒரே மூச்சில் சொன்னாலும், மூன்றும் மூன்று விதம். அம்பத்தூர் 2011-லேயே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. குப்பை, சாக்கடை, தெருவிளக்கு என்று எதுவானாலும் 1913-க்குப் போன் செய்யலாம். ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சியாக வளர்ந்த ஊர். ஒரே சாலையின் இரு பக்கமும் இரு நிர்வாகம் என்ற நிலை எல்லைப் பகுதிகளில் உண்டு. ஆகவே வீட்டு வரி ரசீது எந்த அலுவலகத்துடையது, பாதாள சாக்கடை இணைப்பு உண்டா, செப்டிக் டேங்க்கா, குழாய்த் தண்ணீர் வருகிறதா, போர் தண்ணீர்தானா என்பதை வீட்டுக்கு வீடு கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போர் தண்ணீர் என்றால் ஒரு சொம்பில் பிடித்து வாயில் ஊற்றிப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டுவது தினசரிப் பிரச்னை. மாதக் கடைசியில் கேன் தண்ணீர்க் கணக்கு இன்னொரு பிரச்னை.

அம்பத்தூர், ஆவடி இரண்டுக்கும் பெரிய பலம் மின்சார ரயில். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி என்று அடுத்தடுத்து நிலையங்கள். சென்ட்ரல் பக்கம் வேலை என்றால் இதைவிட மலிவான, நிச்சயமான வழி வேறில்லை. ஆனால் அதே தண்டவாளம் ஊரை இரண்டாகவும் பிரிக்கிறது. அம்பத்தூரில் வடக்கே புதூர், கள்ளிக்குப்பம், ஒரகடம். தெற்கே தொழிற்பேட்டை. (இந்த ஒரகடம் வேறு, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஒரகடம் வேறு. சாமான் லாரிக்கு விலாசம் சொல்லும்போது 'அம்பத்தூர் ஒரகடம்' என்று இரண்டு தடவை சொல்லிவிடுங்கள்.) வீடு ஒரு பக்கம், பள்ளி மறுபக்கம் என்று அமைந்துவிட்டால், தினமும் சுரங்கப்பாதையையோ மேம்பாலத்தையோ நம்பி வாழ வேண்டும். பெருமழையில் சுரங்கப்பாதை மூடினால், வரைபடத்தில் ஒன்றரை கிலோமீட்டர் என்று காட்டும் பள்ளி எட்டாத தூரத்துக்குப் போய்விடும்.

ஆவடி ராணுவத் தொழிற்சாலை ஊர். 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையும், படை வீரர்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலையும், அவற்றின் குடியிருப்புகளும் ஊருக்கு ஒரு ஒழுங்கையும் மர நிழலையும் கொடுத்திருக்கின்றன. அதனாலேயே கேந்திரிய வித்யாலயா பள்ளிகளும் இங்கே ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. மாற்றலாகி வரும் மத்திய அரசு ஊழியர்களுக்கு இது பெரிய வசதி, சேர்க்கையில் முன்னுரிமை அவர்களுக்குத்தான். ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31-ல் 6 வயது முடிந்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு, ஐந்தரை வயதுப் பிள்ளைக்காக வீட்டை அங்கே பார்த்துவிட்டுத் தவிப்பவர்களும் உண்டு. பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பார்க் திறந்த பிறகு, கணினி வேலைக்காரர்களின் பார்வையும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. பிள்ளைகளுக்குச் சாயங்காலம் போக இடம் வேண்டும் என்றால் 2019-ல் திறந்த பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா இருக்கிறது.

பூந்தமல்லிக்கு ரயில் கிடையாது. பெங்களூர் நெடுஞ்சாலைதான் அதன் உயிர். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் காலை இருட்டிலேயே வந்து நிற்கும். அப்பா அல்லது அம்மா அந்தப் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர் என்றால் பூந்தமல்லி சரியான தேர்வு. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரும் மெட்ரோ தடத்தில் 2025 மார்ச்சில் சோதனை ஓட்டம் நடந்ததிலிருந்து, 'மெட்ரோ பக்கத்துல சார்' என்ற ஒரு வார்த்தைக்கே வாடகை ஏறுகிறது. எவ்வளவு பக்கம் என்பதைக் குழந்தையின் கையைப் பிடித்து நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நடைபாதை இல்லாத நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே 800 மீட்டர் என்பது பக்கம் அல்ல.

காய்ச்சல் கணக்கு

அலுவலகத்துக்குப் பக்கமா, பள்ளிக்குப் பக்கமா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் வரும். பிள்ளைகள் எட்டு வயதைத் தாண்டாதவரை பள்ளிக்குப் பக்கம் என்பதே சரி. பெரியவர்கள் ரயிலில் நின்றுகொண்டே போகலாம். எல்.கே.ஜி. குழந்தை வேனில் முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டுப் பள்ளிக்குப் போனால், அது முதல் பீரியடிலேயே தூங்கிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பகல் பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து "குழந்தைக்கு ஜுரம், வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போன் வருகிறது. யார் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர முடியும்? இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், சில மாதங்களில் ஒருவர் வேலையை விட வேண்டிவரும். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கிறார். மாதம் இரண்டாயிரம் வாடகை குறைகிறதே என்று தூரத்தில் வீடு பிடித்து, கடைசியில் ஒரு சம்பளத்தையே இழந்த வீடுகள் உண்டு. பாட்டி, தாத்தா, சித்தி என்று யாராவது நடந்து வரும் தூரத்தில் இருந்தால், அந்தத் தெருவில் பத்து குறை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

பள்ளி என்றதும் பெரிய கட்டடங்களைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளியையும் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சிற்றுண்டி உண்டு. காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் பெற்றோருக்கு அது சின்ன உதவி இல்லை. தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவிகித இடத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு, வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பது முக்கியம். விண்ணப்பிக்கும்போதே முகவரிச் சான்று கேட்பார்கள். முதலில் பள்ளிக்கு விண்ணப்பம், பிறகு வீடு என்று தலைகீழாகச் செய்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

மாற்றுச் சான்றிதழைப் பற்றிப் பலருக்கும் பயம் இருக்கிறது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் டி.சி. வர தாமதமாகிறது என்பதற்காக எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்கு இடம் மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கட்டண பாக்கியை டி.சி.யில் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல் கூறியிருக்கிறது. பழைய பள்ளியில் பிள்ளையின் எமிஸ் எண்ணை மட்டும் மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பிடித்துவிட்டால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு இன்னும் ஒருமுறை போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், எல்லா ஊரும் ஞாயிற்றுக்கிழமை அமைதியாகத்தான் இருக்கும். வேலை நாளில் காலை 7.45-க்கு, குழந்தையோடு, வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை நடங்கள். எம்.டி.எச். ரோட்டைக் கடக்க எத்தனை நிமிடம் நின்றீர்கள், தெருவில் எத்தனை நாய்கள், எந்த இடத்தில் குழந்தை உங்கள் புடவையைப் பிடித்து இழுத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரவு ஏழரைக்கு ஒரு நடை. தெருவிளக்கு எரிகிறதா, கொசு எப்படி, திறந்தபடி கிடக்கும் கால்வாய் ஏதாவது உண்டா என்று தெரிந்துவிடும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்துபூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முன்பணத்துக்கும் பொதுவாக மூன்று மாத வாடகை என்றுதான் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பழைய வழக்கப்படி பத்து மாதம் கேட்பவர்கள் இன்னமும் உண்டு. இதைச் சொல்லிப் பேசினால் சிலராவது இறங்கி வருவார்கள்.

கடைசியாக, சாமான் கட்டும் நாளில் ஒரு விஷயம். தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஆதார், வழக்கமாகத் தரும் ஜுர மருந்து நான்கையும் லாரியில் ஏற்றும் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அவை உங்கள் கைப்பையில் இருக்கட்டும். புது ஊரில் பெட்டிகளைப் பிரிக்கவே ஒரு மாதம் ஆகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் புதன்கிழமை அதற்குள் நான்கு முறை வந்து போய்விடும்.