சரக்கு விமானமும் சரியான எடையும்

அவசரச் சரக்கு என்றால் ஆகாய மார்க்கம் என்பது வணிகர் அனைவரும் அறிந்ததே. நாடுகளுக்கிடையே நடக்கும் வாணிபத்தில், அளவுக் கணக்கில் 100க்கு 1 பங்குகூட விமானத்தில் போவதில்லை. ஆனால் மதிப்புக் கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விமானத்தில்தான் போகிறது என்று ஐயாட்டா என்னும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் சொல்கிறது. மருந்து, மின்னணுச் சாமான், உயர்ந்த துணிமணி எல்லாம் இதில் அடக்கம்.

சரக்கை ஒப்படைத்து ரசீது வாங்கியதோடு நம் வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், விமானியின் உயிர் நாம் எழுதிக் கொடுக்கும் தாளிலும் அடங்கியிருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பறக்கும் கிடங்கு

போயிங் 747-400 சரக்கு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அது சுமார் 112 டன் சரக்கு ஏற்றும். 10 டன் லாரிகள் பதினொன்றின் லோடு ஒரே வண்டியில்! எரிபொருளும் சேர்ந்து புறப்படும்போது மொத்த எடை 397 டன் வரை இருக்கலாம். ஆனால் இறங்கும்போது 302 டன்னுக்கு மேல் இருக்கக்கூடாது. புறப்பட்ட உடனே கோளாறு கண்டு திரும்ப வேண்டுமானால், எரிபொருளை வானிலேயே கொட்டி எடையைக் குறைக்க வேண்டும். தீப்பிடித்தது போன்ற ஆபத்தில் அதற்கும் நேரம் இராது. அதிக எடையோடுதான் இறங்கியாக வேண்டும்.

இந்த விமானத்தில் விமானி தரையிலிருந்து ஏறத்தாழ 30 அடி உயரத்தில், மாடியில் உட்கார்ந்திருக்கிறார். முன்சக்கரமே அவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. முக்கியச் சக்கரங்கள் இன்னும் வெகு தூரம் பின்னால். ஆகவே தரையில் திருப்பும்போது, தாம் பாதையைத் தாண்டிப் போய்விட்டோமோ என்று தோன்றும் வரை சென்று பிறகே திருப்ப வேண்டும். இறங்கும்போது சக்கரம் தரையைத் தொடும் நேரத்திலும் விமானி தரையைவிட்டு மூன்று மாடி உயரத்தில் இருப்பார். சின்ன விமானத்தில் பழகிய கண்ணுக்கு இந்தக் கணக்கு பிடிபட நாளாகும்.

காலியாகப் போகும் விமானம் வேறு, முழு லோடுடன் போகும் அதே விமானம் வேறு. வேகம், ஓடுபாதையில் ஓட வேண்டிய தூரம், நிற்கும் தூரம் எல்லாமே மாறும். ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகக் கணக்குப் போட்டே புறப்பட வேண்டும்.

பயிற்சி

இவ்வளவு பெரிய விமானத்தை வைத்து ஆபத்துகளைப் பழக முடியாது. ஆகவே சிமுலேட்டர் என்னும் பாவனை இயந்திரத்தில் பயிற்சி தருகிறார்கள். அதன் உள்ளே அசல் விமானி அறை போலவே இருக்கும், அசையும், குலுங்கும். புறப்படும் நொடியில் ஓர் இன்ஜின் நின்றால் என்ன செய்வது, தீ மணி அடித்தால் என்ன செய்வது என்று திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். அனுபவமுள்ள விமானி ஒருவர் புதிய ரக விமானத்துக்கு மாறும்போது, பயிற்சி முழுவதையும் சிமுலேட்டரிலேயே முடிக்கப் பல நாடுகளில் அனுமதி உண்டு. அசல் விமானத்தில் அவர் முதன்முதலாகப் பறக்கும்போதே பின்னால் சரக்கு இருக்கும்; பக்கத்தில் பயிற்சி தருபவர் இருப்பார். அதன் பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் பரீட்சை உண்டு.

பயிற்சியில் தேறாதவர் அதை மறைத்தால் என்ன ஆகும்? 2019 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவில் ஹூஸ்டன் நகருக்குச் சென்ற அட்லஸ் ஏர் நிறுவனத்தின் 767 சரக்கு விமானம் விழுந்து 3 பேர் இறந்தனர். துணை விமானி முன்பு வேலை பார்த்த இடங்களில் பயிற்சியில் தவறியதை மறைத்திருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. விமானிகளின் பழைய பதிவுகளைப் புதிதாக வேலைக்கு எடுப்பவர்கள் அரசின் பொதுவான மின்னணுப் பதிவேட்டில் கட்டாயம் பார்க்க வேண்டும் என்ற விதி அங்கே 2021-ல் வந்தது. கணக்குப்பிள்ளையை வேலைக்கு வைக்கும்போது பழைய முதலாளியை விசாரிக்கும் நம் வழக்கத்தின் அருமை இதில் தெரிகிறது.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றிய தலைமுறைக்கு முன்பாரம், பின்பாரம் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். விமானமும் ஒரு தராசுதான். மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் சரியாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்தே விமானி வால் பகுதிச் சிறகைத் திருத்தி வைக்கிறார்.

1997 ஆகஸ்ட் 7 அன்று மியாமி நகரில் ஃபைன் ஏர் நிறுவனத்தின் டிசி-8 விமானம் ஜீன்ஸ் துணி ஏற்றிக்கொண்டு டொமினிக்கன் குடியரசுக்குப் புறப்பட்டது. சரக்கு திட்டப்படி ஏற்றப்படவில்லை; பின்பாரம் ஆகிவிட்டது. விமானி தாளில் இருந்த கணக்கை நம்பினார். மேலே எழும்பியதுமே மூக்கு செங்குத்தாகத் தூக்க, விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 4 பேரும் தரையில் ஒருவரும் மாண்டனர்.

ஏற்றினால் போதுமா? இறுகக் கட்டவும் வேண்டும். 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து, நேஷனல் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 747 விமானம் 5 ராணுவ வண்டிகளுடன் கிளம்பியது. கட்டியது போதாமல் ஒரு வண்டியாவது பின்னால் உருண்டு, பின்சுவரை உடைத்து, வால் சிறகை இயக்கும் பாகத்தைச் சிதைத்தது. 7 பேரும் இறந்தனர். கட்டும் முறை பற்றி நிறுவனம் வைத்திருந்த வழிகாட்டியே போதாது என்று விசாரணை கூறியது. எந்தப் பயிற்சியும் அந்த விமானியைக் காப்பாற்றியிருக்க முடியாது.

மறைத்த சரக்கு

வணிகர் கட்டாயம் அறிய வேண்டியது அடுத்த விபத்து. 2010 செப்டம்பர் 3 அன்று, யூ.பி.எஸ். நிறுவனத்தின் 747 சரக்கு விமானம் துபாயிலிருந்து ஜெர்மனிக்குப் புறப்பட்டது. அதில் ஏராளமான லித்தியம் பேட்டரிகள் இருந்தன. அவற்றில் குறைந்தது 3 பார்சல்கள், அபாயச் சரக்கு என்று அறிவித்திருக்க வேண்டியவை, அறிவிக்கப்படவில்லை.

பறக்கும்போது தீப்பிடித்தது. சரக்கு விமானத்தின் மேல்தளம் மிகப் பெரியது; வாயு பீய்ச்சி அணைக்க அங்கே வசதி இல்லை. உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றித் தீயை அடக்கப் பார்ப்பதே முறை. பேட்டரித் தீ அதற்குக் கட்டுப்படவில்லை. புகை நிறைந்து, விமானிகளுக்கு எதிரிலிருந்த கருவிகளே தெரியவில்லை. தலைமை விமானிக்குப் பிராணவாயு நின்றது. வேறு விமானங்கள் வழியாகச் சொல்லப்பட்ட வழிகாட்டலை நம்பித் துணை விமானி தனியாகப் போராடினார். தீ மணி அடித்து சுமார் அரை மணி நேரத்தில் விமானம் விழுந்தது. இருவரும் உயிரிழந்தனர்.

பின்னர், 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் லித்தியம் அயான் பேட்டரியைத் தனிச் சரக்காக ஏற்றத் தடை வந்தது. சரக்கு விமானத்தில் அனுப்பும் அத்தகைய பேட்டரியிலும் மின்சாரம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதித்தனர்.

நாம் செய்ய வேண்டியது

கட்டணத்தை மிச்சம் பிடிக்க எடையைக் குறைத்து எழுதுவதும், அபாயச் சரக்கைச் 'சாதாரணச் சாமான்' என்று போடுவதும் சில இடங்களில் சாமர்த்தியமாகப் பேசப்படுகிறது. அது சாமர்த்தியம் அல்ல. பார்சலைச் சரியாக நிறுத்து, உள்ளே இருப்பதை உள்ளபடி எழுதுங்கள். பேட்டரி, பெயின்ட், வாசனைத் திரவியம், தீப்பற்றும் திரவம் இருந்தால் ஏஜெண்டிடம் முதலிலேயே சொல்லுங்கள். பெட்டியை உறுதியாகக் கட்டுங்கள்.

விமானி எத்தனை ஆண்டு பயின்றாலும் பெட்டியைத் திறந்து பார்த்துப் பறப்பதில்லை. நம் எழுத்தை நம்பியே பறக்கிறார். நிறுவையில் நேர்மை வணிகனின் முதல் தர்மம் என்று பெரியவர்கள் சொன்னது கடைத் தராசுக்கு மட்டுமல்ல, ஆகாயத்தில் போகும் தராசுக்கும் சேர்த்துத்தான்.