அலோர் காஜாவில் எத்தனை எழுத்து?

மலேசியாவின் ‘அலோர் காஜா’ என்ற ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள் என்று ஒரு தமிழ்ப்பள்ளி மாணவரைக் கேளுங்கள். அ, லோ, ர், கா, ஜா என்று விரல்விட்டு எண்ணி ஐந்து என்பார். இணையப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிடம் கேட்டால், நடுவே உள்ள இடைவெளியை நீக்கிய பிறகும் ஒன்பது என்று சொல்லும். யூனிகோட் முறையில் ‘லோ’ என்பதில் லகரத்துக்கு ஒரு குறியீடு, ஓகாரக் குறிக்கு இன்னொரு குறியீடு. ‘ர்’ என்பதன் மேலுள்ள புள்ளிக்கும் தனிக் குறியீடு உண்டு. கணினி எண்ணியது இந்தக் குறியீடுகளைத்தான்.

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக ஒரு சொல் விளையாட்டை இணையத்தில் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். சொல்லைக் கொடுத்தால் எழுத்துக்கு ஒரு கட்டம் வரைந்து காட்ட வேண்டும். இதை ஒரு முறை செய்து வைத்து எந்தப் பக்கத்திலும் பொருத்திக்கொள்ள உதவுவதுதான் ‘வெப் காம்போனென்ட்’ என்னும் இணையக்கூறு. 2011இல் முன்வைக்கப்பட்ட இந்த யோசனை, குரோம், சஃபாரி உலாவிகளில் நிலைபெற்று, 2018 அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸுக்கும் வந்து சேர்ந்தது. கூறின் உள்ளமைப்பு ‘ஷேடோ டாம்’ என்ற தடுப்புக்குள் இருக்கும். வெளிப்பக்கத்தின் அலங்காரம் உள்ளே புகுந்து கட்டங்களைக் குலைக்காது.

ஆனால் ஒரே கூறு எல்லா உலாவியிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்பிவிட முடியாது. குரோமும் எட்ஜும் பிளிங்க் என்ற இயந்திரத்தில் ஓடுகின்றன. சஃபாரிக்கு வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸுக்கு கெக்கோ. ஒரே நெறிமுறையை மூன்று குழுவினர் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். சில வசதிகள் ஒன்றில் முன்னதாகவும் மற்றொன்றில் பல ஆண்டு பிந்தியும் வருகின்றன.

நம் எழுத்துக் கட்டத்துக்கே அந்தச் சிக்கல் உண்டு. எழுத்துகளைச் சரியாகப் பிரிக்க ஜாவாஸ்கிரிப்டில் ‘செக்மென்டர்’ என்ற கருவி இருக்கிறது. இடைவெளியை நீக்கி அதனிடம் கொடுத்தால் அலோர் காஜா ஐந்தாகவே பிரியும். குரோமுக்கு அது 2020இல் கிடைத்தது, சஃபாரிக்கு 2021இல். ஃபயர்ஃபாக்ஸில் 2024இல் வெளியான 125ஆம் பதிப்பில்தான் வந்தது. விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி ஒன்றில் இதைப் பாருங்கள். அதற்குக் கிடைக்கும் கடைசி குரோம் 109ஆம் பதிப்பு. அதில் கட்டங்கள் ஒழுங்காக வரும். கடைசி ஃபயர்ஃபாக்ஸ் 115ஆம் பதிப்பு. அதில் ‘செக்மென்டர்’ இல்லாததால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும், திரையில் ஒரு கட்டம்கூட வராது. புதிய மடிக்கணினியில் மட்டும் பார்த்த நிரலாளருக்கு இது தெரியவே வராது.

ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எல்லா உலாவியையும் திறந்து கையால் பார்ப்பது ஆகாத காரியம். அதற்காகவே தானியங்கிச் சோதனை வந்தது. சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் 2004இல் செலினியம் என்ற சோதனைக் கருவியைத் தொடங்கினார். உலாவியைத் திற, இதைத் தட்டச்சு செய், அந்தப் பொத்தானை அழுத்து, வந்த விடையைச் சொல் என்று நிரல் கட்டளையிட, இடையிலுள்ள ‘டிரைவர்’ அதை உலாவிக்குக் கொண்டுசெல்லும். கட்டளைகளின் வடிவம் ‘வெப்டிரைவர்’ என்ற பெயரில் 2018இல் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலையாயிற்று. 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘பிளேரைட்’ கருவி மூன்று இயந்திரங்களையும் கையோடு கொண்டுவருகிறது. மேக் கணினி இல்லாத மாணவரும் வெப்கிட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் அது கொண்டுவருவது புதிய பதிப்புகளையே. கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஃபயர்ஃபாக்ஸ் 115ஐ ஓட்டிப் பார்க்க செலினியம்தான் கைகொடுக்கும்.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதைப் போன்றதுதான் சோதனைத் தொகுப்பு. ஒவ்வொரு வசதியும் கூப்பிட்டவுடன் பதில் சொல்ல வேண்டும். சொல்லாதது எது என்று அப்போதே தெரிந்துவிடும். நம் கூறுக்கான முதல் சோதனை இப்படி இருக்கும்: பக்கத்தைத் திற, ‘அலோர் காஜா’ என்று கொடு, ஐந்து கட்டங்கள் வந்தனவா பார், இரண்டாம் கட்டத்தில் ‘லோ’ முழுதாக இருக்கிறதா பார்.

இரண்டாம் சோதனை இன்னும் நுட்பமானது. ‘லோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ஒப்பிடும்போது கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். மாணவர் சரியாக எழுதிய விடை தவறு என்று வரும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ‘நார்மலைஸ்’ கட்டளையால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. இரண்டு வடிவத்தையும் கொடுத்துப் பார்க்கும் சோதனை இல்லாவிட்டால் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

சோதனை சிவப்பு காட்டினால் பிழை எங்கே என்று தேட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது, பிழை கூறில் இருக்கிறதா, சோதனையிலேயே இருக்கிறதா என்பது. ஷேடோ டாமுக்குள் இருக்கும் கட்டத்தை வழக்கமான தேடல் கட்டளை காணாது. செலினியத்தில் உள்ளே போக 2021இல் வந்த 4ஆம் பதிப்பு தனிக் கட்டளை தந்தது. திறந்த வகை ஷேடோ டாமை பிளேரைட் தானாகவே ஊடுருவும். அடுத்தது நேரம். கூறு பதிவாகி முடியும் முன்பே சோதனை கட்டத்தைத் தேடினால் ஒரு முறை தேறும், மறுமுறை தவறும். இத்தனை வினாடி காத்திரு என்று எழுதுவது மருந்தாகாது. கூறு தயாரானதும் தொடங்கு என்று எழுத வேண்டும். எந்தக் கணத்தில் திரை எப்படி இருந்தது என்று பிளேரைட் பதிந்துவைக்கும் தடத்தைப் புரட்டினால் இது கண்முன்னே தெரியும்.

கணினித் தமிழில் மலேசியா பின்தங்கிய நாடல்ல. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் உலகமெங்கும் போகிறது. தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்த தலைமுறை தன் வேலையைச் செய்துவிட்டது. எல்லாத் திரையிலும் அது பிழையின்றி நிற்கிறதா என்று காப்பது இன்றைய தலைமுறையின் வேலை. ஆங்கிலச் சொற்களை மட்டும் கொடுத்துச் சோதிக்கும் நிரலில் தமிழ்ப் பிழை ஒருநாளும் அகப்படாது.

அலோர் காஜா மாவட்டத்திலேயே, டுரியான் துங்காலில், மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கும் பிற இடங்களிலும் கணினி பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். செலினியமும் பிளேரைட்டும் இலவசம். உலாவிக் குழுக்கள் பயன்படுத்தும் ‘வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ்’ தொகுப்பில் யார் வேண்டுமானாலும் சோதனை எழுதிச் சேர்க்கலாம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு சோதனைத் தொகுப்பிலும் ஒரு தமிழ்ச் சொல்லையாவது சேருங்கள். ஓகாரமும் புள்ளியும் உள்ள சொல்லாகப் பார்த்துச் சேருங்கள்.